குற்றாலச் சாரலும் குடிக்கூலியும்

முன்னுரை

விலை ஏறினால் தேவை குறையும். விலை இறங்கினால் தேவை பெருகும். இது பொருளியலார் கூறும் தேவை விதி. எனினும் எல்லாப் பொருள்களின் தேவையும் விலைக்கு ஒரே அளவில் வளைந்து கொடுப்பதில்லை. இவ்வேறுபாட்டினை ஆல்பிரெட் மார்ஷல் 1890ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் ‘தேவை நெகிழ்ச்சி’ என்னும் கருத்தால் விளக்கினார். குற்றாலத்தில் சில நாள் தங்க வருவோர் தரும் வீட்டு வாடகையைக் கொண்டு இதனை எளிதில் உணரலாம்.

சாரலும் தேவையும்

தென்மேற்குப் பருவக்காற்றோடு சூன் திங்களில் தொடங்கும் சாரல் காலம் ஆகஸ்டு வரை நீடிப்பது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் நிறைந்து விழும் நாள்களில் மக்கள் திரள்கின்றனர். அப்பொழுது, அதிலும் சனி, ஞாயிறுகளில், வாடகை உயர்ந்தாலும் வீடுகள் நிரம்பி விடுகின்றன. சாரல் பொய்த்து அருவி வறண்டாலோ, வெள்ளம் மிகுந்து நீராடத் தடை விதிக்கப்பட்டாலோ, வாடகையைப் பாதியாகக் குறைப்பினும் கேட்பார் அரியர். பயணி நாடி வருவது அருவியையே. அறை அதற்குத் துணைப்பொருள்.

கடையில் இன்று விலைபோகாத அரிசி நாளை விலைபோகும். இன்றிரவு பூட்டிக் கிடந்த அறையின் வாடகையோ திரும்பி வாராது. ஆகவேதான் வீட்டுக்காரர் சாரல் நாள்களிலேயே ஆண்டு முழுமைக்குமான வருவாயைத் தேட முற்படுகின்றார்.

வாடகை மிகின்

அவ்வாறாயின் விலைக்கு ஆற்றலே இல்லையோ எனின், உண்டு. மூன்று நாள் தங்க எண்ணியவர் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வர். இரு குடும்பத்தார் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்வர். சிலர் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்காசியில் அறை எடுப்பர். நெல்லைப் பகுதியினர் விடியலில் வேனில் வந்து நீராடி இரவே ஊர் திரும்புவர். மாற்று வழி அண்மையில் இருக்குந்தோறும் தேவையின் நெகிழ்ச்சி மிகும். தங்கும் நாள் குறையின் உணவு விடுதியாரும் பழக்கடையாரும் எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளரும் வருவாய் இழப்பர்.

விலையும் நேர்மையும்

வேண்டுவோர் மிக்க நாளில் வாடகை உயர்தல் இயல்பே. ஆனால் பிள்ளைகளோடு இரவில் வந்திறங்கும் குடும்பத்தின் அறியாமையைப் பயன்படுத்தி மிகுதியாகப் பறித்தல் முறையாகாது. சரக்கொடு வரும் வணிகக் கூட்டத்தார் சந்தை விலையை அறியுமுன் அவர்களை வழியில் எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விற்பவராயினும் வாங்குபவராயினும் விலை அறியாதவரை வஞ்சித்தல் தகாது என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

முடிவுரை

இன்று விடுதி வாடகையைக் கைப்பேசியிலேயே ஒப்பிட்டுப் பார்க்க முடிகின்றது. தனி வீடுகளை வாடகைக்கு விடுவோரும் அன்றன்றைய வாடகையை வாயிலில் எழுதி வைத்தல் நலம். பயணி தன் கைப்பொருளுக்கேற்ப ஏற்கலாம், அல்லது விலகலாம். ஏமாற்றம் அடையாதவரே அடுத்த சாரலுக்கும் குடும்பத்தோடு வருவர். நெடுநாள் வருவாய்க்கு அதுவே வழியாகும்.