வாயால் சொன்ன வாரண்டி

பெங்களூரு காக்ஸ் டவுன்காரர்களுக்கு நடக்க இடமில்லாமல் இல்லை. அல்சூர் ஏரிக்கரை கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வீலர் சாலை நெரிசலையும் பெயர்ந்து கிடக்கும் நடைபாதைக் கற்களையும் தாண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள்ளேயே முழங்கால் முனகத் தொடங்கிவிடுகிறது. அதனால் ஐம்பது வயதைத் தொட்ட பலர், வீட்டிலேயே ஓர் எலிப்டிகல் வாங்கிப் போட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வருகிறார்கள். கடையில் இதை கிராஸ் டிரெயினர் என்றும் சொல்வார்கள். முடிவில் தப்பில்லை. 1995இல் அமெரிக்காவின் பிரிகோர் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்த இயந்திரத்தின் பெயரைக் காப்பாற்றி வருவது ஒரே ஒரு குணம்: பாதம் மிதியை விட்டு எழும்புவதில்லை, ஓடும்போது தரை கொடுக்கிற அடி மூட்டுக்கு ஏறுவதில்லை.

சிக்கல் வாங்குகிற விதத்தில்தான். ஒரு செருப்பு வாங்கினால் போட்டு நாலடி நடந்து பார்க்கிற நாம், முப்பதாயிரம் ஐம்பதாயிரம் போட்டு வாங்கும் இயந்திரத்தை போட்டோ பார்த்து ஆர்டர் செய்கிறோம்.

முதலில் கேட்க வேண்டியது ஸ்ட்ரைடு நீளம், அதாவது மிதி முன்னும் பின்னும் போய்வரும் தூரம். மலிவான மாடல்களில் இது 12, 14 அங்குலத்தோடு நின்றுவிடும். உயரமானவர் அதில் ஏறினால் நடப்பது போல இருக்காது. குறுகிய படிக்கட்டில் ஏறி இறங்குவது போல முழங்கால் மடங்கிக்கொண்டே இருக்கும். எந்த மூட்டைக் காப்பாற்ற வாங்கினோமோ அதுவே நோகும். ஐந்தரை அடிக்கு மேல் உயரம் உள்ளவர்கள் 18 அங்குலத்துக்குக் குறைந்ததைத் தொடாமல் இருப்பது நல்லது. வீட்டில் யார் அதிக உயரமோ அவரைக் கடைக்கு அழைத்துப் போய், பத்து நிமிடம் மிதிக்கச் சொல்லுங்கள். ஃபிளைவீல் என்கிற உள்சக்கரம் எத்தனை கிலோ என்று விற்பனையாளர் பெருமையடிப்பார். அந்த எண்ணை விட, ரெசிஸ்டன்ஸை முழுக்க ஏற்றி மிதிக்கும்போது சட்டம் ஆடுகிறதா, கிரீச்சிடுகிறதா என்பது அதிகம் சொல்லும்.

ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் படியுங்கள். உடற்பயிற்சிக் கருவிகளுக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 20957. அதன் ஒன்பதாம் பகுதி எலிப்டிகலுக்கானது. அந்த முறைப்படி எச் என்றால் வீட்டு உபயோகம், எஸ் என்றால் ஜிம். கூடவே வரும் ஏ, பி, சி என்பது அளவீட்டுத் துல்லியம். வீட்டுக்கு வருபவற்றில் பல எச்.சி. வகை. சி என்பது துல்லியத்தில் கடைசிப் படி. திரையில் 400 கலோரி என்று வருவதை நம்பி இன்னொரு பரோட்டாவுக்குக் கை நீட்டுபவர்கள் இதைக் கவனிக்கவும். கைப்பிடியில் காட்டும் இதயத் துடிப்பும் அப்படித்தான். இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் அந்த எண்ணை நம்பாமல், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.

இந்த எச் எழுத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. பழைய ஓட்டு பங்களாக்களை இடித்து எழுந்த அபார்ட்மெண்ட்களில், சங்கத்தார் சேர்ந்து வீட்டு உபயோக மாடல் ஒன்றை வாங்கி பொது ஜிம்மில் வைப்பதுண்டு. பத்துக் குடும்பம் மிதித்து பேரிங் தேய்ந்த பிறகு, 'இது வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்ற வாரண்டி வரியைக் கம்பெனி எடுத்துக் காட்டும்.

இடத்தை அளக்கும்போது தரையை மட்டும் அளக்காதீர்கள். மிதி மேலே வரும்போது ஒன்றரை அடி உயர்த்திவிடும் மாடல்கள் உண்டு. ஐந்தடி பத்தங்குல ஆள் ஏழே கால் அடியைத் தாண்டிவிடுவார். வியர்க்கிறது என்று நேராக ஃபேனுக்கு அடியில் கொண்டுபோய்ப் போடுவது ரொம்ப சகஜம். கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை. ஏறி இறங்கும் பக்கங்களில் இரண்டடியாவது காலியிடம் வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கதவு பூட்டும் அறைதான் சரி. நாம் நிறுத்தினாலும் பல மாடல்களில் சக்கரத்தின் வேகத்துக்கு மிதிகள் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். இடையில் போன விரல் நசுங்கும். 2021இல் பெலோட்டன் நிறுவனத்தின் ட்ரெட் பிளஸ் டிரெட்மில்லால் ஒரு குழந்தை இறந்தது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏப்ரலில் எச்சரித்தபோது மறுத்துப் பேசிய நிறுவனம், மே மாதம் சுமார் 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. அது வேறு கருவிதான். ஆனால் வீட்டுக்குள் வந்த ஜிம் இயந்திரம் குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாகத் தெரியும் என்பது இதற்கும் பொருந்தும்.

இனி காகிதம். 'அஞ்சு வருஷ வாரண்டி சார்' என்று கடையில் சொல்வார்கள். பில்லைப் பார்த்தால் ஐந்து வருஷம் இரும்புச் சட்டத்துக்கு மட்டும் இருக்கும். பேரிங், புஷ், பெல்ட், டிஸ்ப்ளே என்று நிஜத்தில் கெட்டுப் போகிறவற்றுக்கு ஒரு வருஷமோ அதற்கும் குறைவோ. வாயால் சொன்னதை பில்லிலேயே எழுதி முத்திரை வைக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்து வைத்திருப்பார்கள். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளும் பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையும் அதே சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ஆன்லைனில் வாங்கினால் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் துணைக்கு வரும்: புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து பூட்டி முடிப்பது வரை மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள்.

மாடிக்கு ஏற்றும் கூலி, பூட்டும் கூலி என்று கடைசி நிமிடத்தில் வரும் கணக்கும் ஒன்று உண்டு. சின்னத் தொகைதானே என்று விட வேண்டியதில்லை. நாகசந்திராவில் உள்ள ஐகியா கடை, தன் சின்னம் போட்ட பைக்கு 20 ரூபாய் வாங்கியதற்காக 2023இல் பெங்களூரு நுகர்வோர் ஆணையம் அந்தத் தொகையையும் இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் கொடுக்க உத்தரவிட்டது. முன்கூட்டிச் சொல்லாத கட்டணம் எவ்வளவு சிறியது என்று ஆணையம் பார்க்கவில்லை.

பழைய இயந்திரம் வாங்குபவர்களுக்குத் தனியே ஒரு எச்சரிக்கை. ஒருமுறைகூட வியர்வை படாத எலிப்டிகல்கள் இந்த ஊரில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, அவசரமாக விற்கிறேன் என்று அடையாள அட்டைப் படத்தோடு வரும் விளம்பரம் நாடு முழுக்கத் தெரிந்த மோசடி. கண்டோன்மெண்ட் பகுதியில், அல்சூரில் மதராஸ் பொறியாளர் படை மையம் இருக்கும்போது, அந்தக் கதை சுலபமாக எடுபடும். பொருளை நேரில் மிதித்துப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். பணம் வர க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். தாமதமானால் பணம் கைமாறிப் போய்விடும்.

கடையோ கம்பெனியோ இழுத்தடித்தால் முதல் படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பில்லில் 'டெல்லி நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டது' என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு. ஆர்பிட்ரேஷனுக்குத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனையும் நுகர்வோர் ஆணையத்தைத் தடுக்காது. இதை 2018இல் எம்மார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கெடு இரண்டு வருஷம். 'மெக்கானிக் அடுத்த வாரம் வருவார்' என்று கம்பெனி சொல்லிக்கொண்டே இருந்தாலும் அந்தக் கெடு தள்ளிப் போகாது.

வழக்கு போடும் எண்ணம் இருந்தால் தெரு மெக்கானிக்கை விட்டு இயந்திரத்தைப் பிரிக்காதீர்கள். பழுது இருக்கிறதா என்று ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கை வைத்த இயந்திரம் என்றால் கம்பெனிக்கு அதுவே சாக்கு. மிதி முறிந்து விழுந்து அடிபட்டால் விஷயம் பொருளின் விலையோடு முடியாது. தயாரிப்புப் பொறுப்பு என்ற தலைப்பில் 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள், தயாரிப்பில் பிழை இருந்தாலும் போதிய எச்சரிக்கை தராவிட்டாலும் காயத்துக்கு இழப்பீடு கேட்க வழி தருகின்றன. ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, முறிந்த பாகம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

தீர்ப்பு வந்தும் பணம் தராமல் இருக்கும் கடைக்காரர்களும் உண்டு. அப்போது 72ஆவது பிரிவின் கீழ் அதே ஆணையத்தில் மனுப் போடலாம். உத்தரவை மீறியவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.