நீ ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? - ஸ்கா, பங்க் இசையுலகின் 60 ஆண்டுப் பஞ்சாயத்து!

2016, நவம்பர் 26. லண்டன், தேம்ஸ் நதி. ஒரு படகில் பழைய உடைகள், போஸ்டர்கள், இசைத்தட்டுகள் எனக் குவித்து வைத்திருக்கிறார்கள். கரையில் கூட்டம், கேமராக்கள். ஜோ கோரே என்பவர் அந்தக் குவியலுக்குத் தீ வைக்கிறார். எரிந்துபோன பொருள்களின் மதிப்பு 50 லட்சம் பவுண்டு என்று அவரே சொன்னார்!

யார் இந்த ஜோ கோரே? 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவின் மேனேஜர் மால்கம் மெக்லாரனுக்கும், பங்க் உடைகளை உலகப்புகழ் பெறவைத்த டிசைனர் விவியன் வெஸ்ட்வுட்டுக்கும் பிறந்த மகன். அந்த ஆண்டு பங்க் இசைக்கு 40 வயது என்று லண்டனே விழா கொண்டாடியது. அதிகாரத்தைத் திட்டிப் பிறந்த இசைக்கு, அதிகாரத்தில் இருப்பவர்களே விழா எடுப்பதா என்பதுதான் அவருடைய கோபம்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. விற்று, அந்தப் பணத்தை இல்லாதவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே என்றார்கள். 50 லட்சம் பவுண்டைக் கொளுத்தும் வசதி உள்ளவருக்குப் பங்க் பற்றிப் பேச என்ன தகுதி என்றும் கேட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்புமே 'நாங்கள்தான் உண்மையான பங்க்' என்றது!

பங்க் இசையிலும், அதன் ஒன்றுவிட்ட அண்ணனான ஸ்கா இசையிலும் இந்தச் சண்டை புதிதல்ல. யார் அசல், யார் போலி? அதைத் தீர்மானிப்பது யார்? 60 ஆண்டுகளாக நடக்கும் பஞ்சாயத்து இது.

முதலில், ஸ்கா என்றால் என்ன?

பிறந்த ஊர் ஜமைக்கா. 1950-களில் கிங்ஸ்டன் நகரத் தெருக்களில் 'சவுண்ட் சிஸ்டம்' ரொம்பப் பிரபலம். நம்மூர் சவுண்ட் சர்வீஸ் போல, பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கிவைத்துப் பாட்டு போட்டு, மக்களை ஆடவைப்பார்கள். போட்டதெல்லாம் அமெரிக்காவின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்கள். பிறகு உள்ளூர்க் கலைஞர்களே பாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது, அந்த அமெரிக்கத் தாளம் ஜமைக்காவின் கைகளில் வேறொன்றாக மாறியது. நாம் கை தட்டுகிற இடத்தில் ஸ்காவின் கிட்டார் வராது. இரண்டு தட்டுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில் 'சக்... சக்...' என்று வெட்டும். அதற்கு மேல் டிரம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்தால், கால் தானாக ஆடும்.

பங்க் 1970-களின் பிள்ளை. நியூயார்க்கில் 'ரமோன்ஸ்', லண்டனில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்', 'தி கிளாஷ்' என்று வேகமும் கோபமும் நிறைந்த குழுக்கள். மூன்று கார்டு தெரிந்தால் போதும், நீயும் மேடை ஏறலாம் என்பதுதான் அதன் கொள்கை.

பிறந்த வீட்டிலேயே தகராறு!

1962-ல் ஜமைக்கா சுதந்திரம் பெற்றது. 1964-ல் நியூயார்க்கில் உலகக் கண்காட்சி. 'இதுதான் எங்கள் நாட்டு இசை' என்று ஸ்காவை உலகத்துக்குக் காட்ட நினைத்தது ஜமைக்கா அரசு. பிரின்ஸ் பஸ்டர், ஜிம்மி கிளிஃப் போன்ற பாடகர்கள் போனார்கள். அவர்களுக்குப் பின்னணி வாசிக்கத் தேர்வானது பைரன் லீயின் 'டிராகனேர்ஸ்' குழு. வசதியானவர்களின் விருந்துகளிலும் ஹோட்டல்களிலும் வாசித்துப் பெயர் வாங்கிய குழு அது.

ஆனால், ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஸ்காவை உருவாக்கியவர்கள் வேறு ஆட்கள். அவர்களில் டான் டிரம்மண்ட், டாமி மெக்குக் உள்ளிட்ட சிலர், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் இசை கற்ற ஏழைப் பிள்ளைகள். அதே 1964-ல் 'ஸ்கேட்டலைட்ஸ்' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். நியூயார்க் மேடையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. 'சேரியில் பிறந்த இசை வேண்டும், அதை வாசித்தவர்கள் வேண்டாமா?' என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை.

கவனியுங்கள்... இந்தச் சண்டையில் யாரும் 'பைரன் லீக்கு வாசிக்கத் தெரியாது' என்று சொல்லவில்லை. யாருடைய உழைப்புக்கு யார் பெயர் வாங்குவது என்பதுதான் பிரச்னை.

கடன் வாங்கினாலும் கௌரவமாக!

வேலை தேடி இங்கிலாந்து போன ஜமைக்கா மக்களோடு ஸ்காவும் கப்பலேறியது. 1979-ல் கோவென்ட்ரி நகரத்தில் ஜெர்ரி டாம்மர்ஸ் என்ற இளைஞர் '2 டோன்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய 'தி ஸ்பெஷல்ஸ்' குழுவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தார்கள். பங்க்கின் வேகம், ஸ்காவின் தாளம். சின்னம்கூட கறுப்பு வெள்ளைக் கட்டம்தான்.

'ஜமைக்கா பாட்டை இங்கிலாந்துப் பையன்கள் வாசிப்பது நகல்தானே?' நியாயமான கேள்வி. ஸ்பெஷல்ஸின் முதல் பாடல் 'கேங்ஸ்டர்ஸ்', பிரின்ஸ் பஸ்டரின் 'அல் கபோன்' பாடலை அடித்தளமாகக்கொண்டது. 'மேட்னஸ்' குழு தன் பெயரையே பஸ்டரின் பாடலிலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

ஆனால், அவர்கள் யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை மறைக்கவில்லை. மேட்னஸின் முதல் பாடலான 'தி பிரின்ஸ்', பஸ்டருக்குச் செலுத்திய மரியாதை. ஸ்பெஷல்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். டேண்டி லிவிங்ஸ்டன் 1967-ல் பாடிய 'எ மெசேஜ் டு யூ, ரூடி'யை 1979-ல் மறுபடி பதிவு செய்தபோது, டிராம்போன் வாசிக்க அழைத்தது ரிகோ ரோட்ரிக்ஸை. 1967 பதிவில் டிராம்போன் வாசித்தவரும் அவரேதான்! அப்போது அவருக்கு 40 வயது தாண்டியிருந்தது. 20 வயதுப் பையன்களோடு மேடை ஏறினார்.

அப்படியானால் ரிகோதான் நூறு சதவிகித அசலா? அவர் பிறந்தது கியூபாவின் ஹவானாவில். வளர்ந்தது கிங்ஸ்டனில், படித்தது ஆல்ஃபா பள்ளியில், 1961-ல் குடியேறியது இங்கிலாந்தில். அமெரிக்கப் பாட்டைக் கேட்டு ஜமைக்கா உருவாக்கிய இசையை, கியூபாவில் பிறந்தவர் கோவென்ட்ரி பையன்களோடு வாசித்தார். இதில் எந்த இடத்தில் கோடு போட்டு 'இதுவரைதான் அசல்' என்று சொல்வீர்கள்?

இது வெறும் ரசனைச் சண்டையாகவும் இருக்கவில்லை. ஜமைக்கா இசையைக் காதலித்த தொழிலாளர் வீட்டுப் பையன்கள்தான் 1960-களின் ஸ்கின்ஹெட்கள். 70-களின் இறுதியில் அதே மொட்டைத்தலை அடையாளத்தோடு, நேஷனல் ஃப்ரன்ட் என்ற நிறவெறிக் கட்சியின் ஆதரவாளர்கள் கச்சேரிகளில் புகுந்து கலாட்டா செய்தார்கள். ஸ்பெஷல்ஸின் கிட்டார் கலைஞர் லின்வல் கோல்டிங் 1980-ல் நிறவெறித் தாக்குதலுக்கு ஆளானார். அந்த வலியை 'ஒய்?' என்ற பாடலாக எழுதினார். 'இந்த இசை யாருடையது?' என்ற கேள்விக்குப் பின்னால் ரத்தமும் இருந்தது.

பங்க்: அதிகாரி மகனும் உடைந்த நம்பிக்கையும்

1977 ஜனவரியில் கிளாஷ் குழு, சி.பி.எஸ் என்ற பெரிய இசை நிறுவனத்தோடு ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. பங்க் பத்திரிகை நடத்திய மார்க் பெர்ரி, அன்றோடு பங்க் செத்தது என்று அறிவித்துவிட்டார். கிளாஷின் முதல் ஆல்பம்கூட அப்போது வெளிவரவில்லை!

இன்னொரு குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. தெருப் போராட்டத்தைப் பாடிய ஜோ ஸ்ட்ரம்மரின் நிஜப்பெயர் ஜான் கிரஹாம் மெல்லர். அப்பா வெளியுறவுத் துறை அதிகாரி. மகன் பிறந்தது துருக்கியின் அங்காராவில், படித்தது போர்டிங் ஸ்கூலில். 'இவர் எப்படி ஏழைகளின் குரல்?' என்றார்கள்.

அதே ஸ்ட்ரம்மர்தான் 1978 ஏப்ரலில், நிறவெறிக்கு எதிராக லண்டன் விக்டோரியா பார்க்கில் பல்லாயிரம் பேர் திரண்ட கச்சேரியில் பாடினார். பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பதா, செய்த காரியத்தைப் பார்ப்பதா?

அசல் பரிசோதனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், 924 கில்மன் ஸ்ட்ரீட் என்ற முகவரியே பெயரான ஓர் அரங்கம். இளைஞர்கள் தாங்களே நடத்தியது. நிறவெறி கூடாது, வன்முறை கூடாது, பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட குழுக்களுக்கு மேடை கிடையாது என்பவை அன்று அதன் விதிகள். ஸ்காவையும் பங்க்கையும் கலந்த 'ஆபரேஷன் ஐவி' வளர்ந்தது இங்குதான். 'கிரீன் டே' வளர்ந்ததும் இங்குதான். 1993-ல் கிரீன் டே பெரிய நிறுவனத்தில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு வந்த 'டூக்கி' ஆல்பம், அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. வளர்த்த வீட்டின் கதவு மூடிக்கொண்டது. திரும்ப அந்த மேடையில் அவர்கள் வாசித்தது 2015-ல்!

இதுகூடப் பரவாயில்லை. வன்முறை கூடாது என்ற அதே அரங்கத்தில் 1994 மே மாதம், 'டெட் கென்னடிஸ்' முன்னாள் பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா தாக்கப்பட்டார். 'நீ விலைபோனவன்' என்று கத்திக்கொண்டே அடித்தார்கள். காலில் பலத்த காயம். இத்தனைக்கும் அவர் சொந்தமாக ஒரு சிறிய இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தவர்.

யாரை விட்டுவிட்டோம்?

போலிகளைத் தேடுவதில் மும்முரமாக இருந்தவர்கள், கண்ணெதிரே இருந்தவர்களைக் கவனிக்கவில்லை. டெட்ராய்ட் நகரத்தில் மூன்று கறுப்பினச் சகோதரர்கள் நடத்திய குழு 'டெத்'. ரமோன்ஸின் முதல் ஆல்பத்துக்கு முந்தைய ஆண்டான 1975-லேயே, பங்க் என்று இன்று நாம் சொல்லும் இசையைப் பதிவு செய்துவிட்டார்கள். குழுவின் பெயரை மாற்றச் சொன்னபோது மறுத்தார்கள். ஒப்பந்தம் கைநழுவியது. பதிவு செய்தவை ஆல்பமாக வெளிவந்தது 2009-ல். குழுவை வழிநடத்திய டேவிட் ஹேக்னி அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

நமக்கு நெருக்கமான ஒரு கதையோடு முடிக்கலாம். 1982-ல் கிளாஷ் பாடிய 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்', அகதிகளையும் ஒதுக்கப்பட்டவர்களையும் பற்றியது. எழுதியவர்களில் ஒருவர் அந்த அதிகாரி மகன் ஸ்ட்ரம்மர். 25 ஆண்டுகள் கழித்து அந்தப் பாடலின் இசைத்துணுக்கை எடுத்து 'பேப்பர் பிளேன்ஸ்' செய்தார் எம்.ஐ.ஏ. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போருக்குத் தப்பி லண்டன் போன தமிழ்ப் பெண். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ஒலித்ததும் அந்தப் பாடல்தான். பாடலாசிரியர்கள் பட்டியலில் கிளாஷ் கலைஞர்களின் பெயரும் இருக்கிறது. புகழ் வந்த பிறகு எம்.ஐ.ஏ-வையும் 'நீ நிஜமான கலகக்காரிதானா?' என்று கேட்டார்கள் என்பது தனிக்கதை.

60 ஆண்டுப் பஞ்சாயத்தைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. 'நீ அசலா?' என்ற கேள்வி சட்டையையும் சாதிச் சான்றிதழையும் சோதிக்கும்போது, கடைசியில் தன் வீட்டு ஆளையே அடிக்கிறது. 'யாரிடமிருந்து எடுத்தாய், அவர் பெயரைச் சொன்னாயா, பங்கைக் கொடுத்தாயா?' என்று கேட்கும்போது, ரிகோ போன்ற ஒருவருக்கு மேடை கிடைக்கிறது.

முடிந்தால் 'எ மெசேஜ் டு யூ, ரூடி'யின் 1967, 1979 பதிவுகள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எது ஒரிஜினல் என்று விவாதிக்க ஆரம்பிக்கும் முன், இரண்டிலும் வருகிற அந்த டிராம்போன் உங்களைத் தலையாட்ட வைத்திருக்கும்!