"காலை எடுக்க வேண்டும்": டாக்டர் எப்படிச் சொல்ல வேண்டும்? நாம் எப்படிக் கேட்க வேண்டும்?

"தாத்தா, காலை வெட்டணுமாம்."

வார்டில் டாக்டர் ஐந்து நிமிடம் மலாயில் விளக்கியதைப் படிவம் மூன்று படிக்கும் பேரன் இப்படி மூன்றே சொற்களில் சொல்லி முடிக்கிறான். தாத்தா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மகன் டாக்டரைத் தனியே அழைத்து, "இதுக்கு மேல அப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்க டாக்டர், தாங்கமாட்டாரு" என்கிறார். மாலையில், 'ஏ.ஓ.ஆர்.' எனப்படும் சொந்தப் பொறுப்பில் வீடு திரும்பும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடும்பம் கிளம்பிவிடுகிறது. சில நாள் கழித்துக் கடும் காய்ச்சலோடு திரும்பி வரும்போது, ஒரு விரலோடு போயிருக்கக்கூடியது முழங்கால்வரை ஏறியிருக்கலாம்.

இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதை அல்ல. இனிப்பு நீர் உள்ள நம் வீடுகளில் பலருக்கும் தெரிந்த காட்சிதான். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது அதிகம். ஆகவே இந்தப் பேச்சு என்றாவது ஒரு நாள் நம் வீட்டுக் கட்டிலுக்கும் வரலாம்.

ஆறு படிகள்

கெட்ட சேதி சொல்வது பிறவித் திறமை என்று முன்பு நினைத்தார்கள். இப்போது அது மருத்துவ மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்படும் ஒரு பயிற்சி. கனடாவில் பணியாற்றிய புற்றுநோய் மருத்துவர் ராபர்ட் பக்மன், அமெரிக்க மருத்துவர் வால்டர் பெய்ல் உள்ளிட்டோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பைக்ஸ்' என்ற முறை பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. புற்றுநோயாளிகளுக்காக வகுக்கப்பட்ட அதன் ஆறு படிகள் மற்ற நோய்களுக்கும் பொருந்தும்.

முதல் படி இடம். திரையை இழுத்துவிட்டு, கைப்பேசியை ஒதுக்கி வைத்து, டாக்டர் உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டாவது, நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்பது: "அங்கிள், கால் எப்படி இருக்குன்னு இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க?" மூன்றாவது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது. சிலர் எல்லாவற்றையும் அறிய விரும்புவார்கள். சிலர், "மகள் வரட்டும், சேர்ந்தே கேட்கிறேன்" என்பார்கள்.

நான்காவது படியில்தான் சேதியே வருகிறது. "நல்ல சேதி இல்லை, அங்கிள்" என்று மனத்தைத் தயார்படுத்திவிட்டு, எளிய சொற்களில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும். ஐந்தாவது, கேட்டவர் அழுதாலும், கோபப்பட்டாலும், பேசாமல் இருந்தாலும் அதற்கு இடம் கொடுப்பது. அந்த நேரத்தில் மேலும் விளக்கம் சொன்னால் காதில் ஏறாது. ஆறாவது, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று இருவரும் சேர்ந்து பேசி முடிவெடுப்பது.

நெரிசலான வார்டில் இரவுப் பணி முடித்து நிற்கும் இளம் டாக்டருக்கு இது எளிதல்ல. சங்கடத்தில் சிலர் வேகமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிலர் மருத்துவச் சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க"

மகன் இப்படிக் கேட்பது பாசத்தால்தான். டாக்டர் அவரிடம் சட்டம் பேசத் தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும். "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" என்று முதலில் கேட்பது நல்ல வழி. பிறகு, "நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா, அவரே கேட்டா பொய் சொல்ல முடியாது. அவருக்கு எவ்வளவு தெரியணும்னு அவர்கிட்டயே கேட்போமா?" என்று சொல்லலாம்.

இதற்குக் காரணம் உண்டு. 18 வயது நிரம்பி, தெளிவாக முடிவெடுக்கக்கூடிய நிலையில் உள்ளவரின் அறுவை சிகிச்சைக்கு அவரேதான் சம்மதம் தர வேண்டும். மகனோ மனைவியோ அவருக்காகக் கையெழுத்துப் போட முடியாது. நோயாளி முடிவெடுக்கத் தேவையான முக்கிய ஆபத்துகளை டாக்டர் அவரிடம் சொல்லியாக வேண்டும் என்று 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேதியே தெரியாதவர் எதற்குச் சம்மதம் தருவார்?

பேரன் மொழிபெயர்க்கும்போது

மலாயில் 'பொத்தோங்' என்று காதில் விழுந்ததும் பிள்ளைக்கு 'வெட்டு' என்பதுதான் தோன்றும். எந்த விரல், ஏன், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். மேலும், தாத்தாவின் காலைப் பற்றிய சேதியை அவரிடமே சொல்லும் பாரம் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் விழக் கூடாது. தமிழ் பேசும் தாதியையோ டாக்டரையோ அழைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் மொழிபெயர்க்கட்டும். கேட்டதைத் தாத்தாவே தம் வாயால் திரும்பச் சொல்லும்படி செய்தால், எது புரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

"வேண்டாம்" என்பதற்குள் என்ன?

இனிப்பு நீர் முற்றியவர்களின் காலில் நரம்பு உணர்விழப்பதால் வலி தெரியாமல் போகலாம். இரத்த ஓட்டமும் குறைந்துவிடும். கறுத்துச் செத்த விரல் மறுபடி உயிர் பெறாது. அங்குள்ள கிருமித்தொற்று எலும்புக்கும் இரத்தத்துக்கும் பரவினால் உயிருக்கே ஆபத்து. ஆனால், 'வலியே இல்லையே, எதுக்கு வெட்டணும்?' என்றுதான் நோயாளிக்குத் தோன்றும். "எடுக்காட்டி செத்துப்போவீங்க" என்று மிரட்டினால் அவர் வீட்டுக்கே கிளம்புவார்.

"எது உங்களுக்குப் பயமா இருக்கு?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். "பிள்ளைகளுக்குப் பாரமாயிடுவேன்" என்பார் ஒருவர். "தெரிஞ்சவருக்குக் காலை எடுத்தாங்க, ஆறு மாசத்துல போயிட்டாரு" என்பார் இன்னொருவர். இந்தப் பயங்களுக்குப் பதில் சொல்ல முடியும். முழங்காலுக்குக் கீழே எடுக்க நேர்ந்தாலும், மூட்டு தப்பினால் செயற்கைக் காலோடு நடப்பது மேலே எடுத்தவர்களைவிட எளிது. தாமதித்தால் அந்த வாய்ப்பு குறையும்.

நாம் கேட்க வேண்டியவை

டாக்டர் வரும்போது இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள்:

- எந்த இடம்வரை எடுக்கப்போகிறீர்கள்? ஏன்?
- வேறு வழி உண்டா? அதன் ஆபத்து என்ன?
- முடிவெடுக்க எவ்வளவு நேரம் இருக்கிறது?
- எடுத்த பிறகு நடைப்பயிற்சி, செயற்கைக் கால் எப்போது கிடைக்கும்?
- செலவுக்கு உதவி கேட்க, மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவைப் பார்க்கலாமா?

ஒரே பேச்சில் எல்லாம் புரிந்துவிடாது. "நாளைக்கு இன்னொரு தடவை சொல்ல முடியுமா டாக்டர்?" என்று கேட்பது தவறல்ல. ஏ.ஓ.ஆர். தாளில் கையெழுத்துப் போட்டுப் போனவர்களும் திரும்பி வரலாம். கதவு மூடப்படுவதில்லை. காய்ச்சல், நடுக்கம், காலில் துர்நாற்றம், சிவப்பு மேலே ஏறுவது ஆகியவை தெரிந்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

தாத்தாவிடம் சொல்லாமல் இருந்தால் அவருக்குக் கவலை இருக்காது என்று நினைக்கிறோம். ஆனால், வார்டின் விளக்கை அணைத்த பிறகு, கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பவர் அவர்தான். அவருக்கு ஏதோ தெரிந்துதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆள்தான் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு டாக்டர் உட்காரட்டும். அவருக்குப் பக்கத்தில் நாமும் உட்காருவோம்.