ஒன்பது பேர், மூன்று பெட்ரூம், ஒரு பில்

கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வரும் ஒரு குடும்பம். தாத்தா, பாட்டி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூன்று பேரப் பிள்ளைகள். ஆக 9 பேர். மூன்று இரவுகள் தி.நகரில்தான் தங்க வேண்டும் என்பது பாட்டியின் கட்டளை. ஹோட்டலில் மூன்று அறைகள் எடுப்பதா, மூன்று பெட்ரூம் சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடுப்பதா? பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்து பார்ப்போம். கீழே வரும் வாடகைகளும் கடை விலைகளும் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. வரி விகிதங்கள் சட்டப்படி உள்ளவை.

அபார்ட்மெண்ட் ஓர் இரவுக்கு 9,000 ரூபாய் என்போம். ஹோட்டல் அறை 3,500. அதில் மூன்றாவது ஆளுக்கு எக்ஸ்ட்ரா பெட் 800. மூன்று அறைகளுக்கும் சேர்த்தால் 12,900.

இங்கேதான் ஜி.எஸ்.டி. உள்ளே வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதம். அதற்கு முன்பு 12 சதவீதமாக இருந்தது. 7,500-ஐத் தாண்டினால் அன்றும் இன்றும் 18. இந்த வரம்பு ஒரு யூனிட்டுக்கு, ஒரு நாளைக்கு. உள்ளே எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பது வரிக்குத் தேவையில்லை. மூன்று அறைகளும் மூன்று தனி யூனிட்கள் என்பதால் ஒவ்வொன்றும் 5 சதவீதத்தில் தப்பிவிடுகிறது. முழு வீடாக வாடகைக்கு விடும் அபார்ட்மெண்ட் ஒரே யூனிட். 18 சதவீதத்தில் மாட்டிக்கொள்கிறது. ஆக ஹோட்டல் பில் 13,545, அபார்ட்மெண்ட் பில் 10,620. தலைக்கு 1,505-ம் 1,180-ம்.

அபார்ட்மெண்ட் ஜெயிக்கிறது, ஆனால் வரியில் தோற்று, வாடகையில் ஜெயிக்கிறது. 7,500 ரூபாய் வீட்டுக்கு வரியோடு 7,875. அதே வீட்டுக்கு உரிமையாளர் 7,600 என்று சொன்னால் வரியோடு 8,968. கூடுதலாகக் கேட்டது 100 ரூபாய், கூடுதலாகப் போவது 1,093 ரூபாய். இந்த எல்லைக்கு அருகில் வாடகை சொல்லும் உரிமையாளரிடம் நூறு இருநூறு குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதில் வெட்கமே வேண்டாம்.

ஆள் குறைந்தால் கதை மாறும். ஆறு பேர் என்றால் ஹோட்டலில் இரண்டு அறைகளும் இரண்டு எக்ஸ்ட்ரா பெட்டும் போதும்: வரியோடு 9,030. அபார்ட்மெண்ட் அதே 10,620-தான். ஏழாவது ஆள் வந்ததும் மூன்றாவது அறை தேவைப்படும், ஹோட்டல் 11,865-க்கு ஏறிவிடும். பாட்டி தன் தங்கையை அழைத்து வருவாரா மாட்டாரா என்பது பட்ஜெட் விஷயம்.

விளம்பரத்தில் ‘விசாலமான 1,500 சதுர அடி’ என்று இருக்கும். அது பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப். படிக்கட்டிலும் லிஃப்ட்டிலும் சுவரிலும் உள்ள பங்கைக் கழித்தால் கார்பெட் ஏரியா 1,100 தேறலாம். தலைக்கு 122 சதுர அடி. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் விற்பனைக்குக் கார்பெட் ஏரியாவைச் சொல்லச் சொல்கிறது. மூன்று நாள் தங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை. கேட்டால்தான் உண்டு.

சதுர அடியைவிட முக்கியம் பாத்ரூம். ஆளுக்கு 20 நிமிடம் என்றால் 9 பேருக்கு 180 நிமிடங்கள். மூன்று பாத்ரூம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் வாசலில் செருப்பு மாட்டலாம். இரண்டுதான் என்றால் ஒன்றில் ஐந்து பேர், ஒரு மணி நாற்பது நிமிடம். 2 கிலோவாட், 15 லிட்டர் கீசர் ஒரு டேங்க் தண்ணீரைச் சூடாக்க ஏறக்குறைய 17 நிமிடங்கள் பிடிக்கும். தாத்தாவின் குளியலுக்கும் அடுத்தவர் குளியலுக்கும் நடுவே அந்த 17 நிமிடங்கள் இருக்கின்றன. சென்னை மே மாதத்தில் கீசர் எதற்கு என்பீர்கள். தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள்.

தண்ணீர்க் கணக்கு: நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். 9 பேருக்கு 1,215 லிட்டர். மாடியில் அந்த வீட்டுக்கென்று 1,000 லிட்டர் சின்டெக்ஸ் மட்டும் இருந்தால், மாலையில் யாராவது மோட்டார் போட்டாக வேண்டும். மூன்று ஏ.சி.யும் இரவு 9 மணி நேரம், மணிக்கு ஒரு யூனிட் வீதம் ஓடினால் 27 யூனிட். வணிகக் கட்டணம் யூனிட்டுக்குச் சுமார் 10 ரூபாய். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட் இங்கே கிடையாது. இதை 270 ரூபாய் என்று தனியாக வாங்குபவர்களும் உண்டு, வாடகையிலேயே சேர்த்துவிடுபவர்களும் உண்டு.

அடுப்படிதான் அபார்ட்மெண்டின் பெரிய வாதம். வெளியே டிபன், காபி ஆளுக்கு 120 என்றால் 1,080 ரூபாய். வீட்டிலேயே ஆளுக்கு நான்கு இட்லி வீதம் 36 இட்லிக்கு இரண்டு கிலோ மாவு 120, தேங்காய், பச்சை மிளகாய், பொட்டுக்கடலை 60, ஆவின் நீல பாக்கெட் நான்கு 80, காபித் தூளும் சர்க்கரையும் 60. மொத்தம் 320. (நீல பாக்கெட்டில் காபி கொஞ்சம் தண்ணியாகத்தான் இருக்கும்.) நாளுக்கு 760 மிச்சம், மூன்று நாளில் 2,280. விடுமுறைக்கு வந்த இரண்டு மருமகள்கள் ஆறு மணிக்கே எழுந்து சட்னி அரைத்தால்தான் அந்த மிச்சம். அவர்களுக்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் 2,280-ஐக் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். மகன்கள் அரைப்பதாக இருந்தால் அப்படியே விடலாம்.

பத்து கிலோமீட்டர் தள்ளி மலிவாக வீடு பிடிக்கலாமே என்றால், 2013-இல் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணப்படி முதல் 1.8 கி.மீ.க்கு 25, பிறகு கி.மீ.க்கு 12. பத்து கிலோமீட்டருக்கு 123 ரூபாய் சொச்சம். மூன்று ஆட்டோக்கள், போக வர 740 ரூபாய். மீட்டர் போட்டால்தான் இது! தி.நகரிலேயே இருந்தால் பாண்டி பஜாரின் அகல நடைபாதையும், மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்க 2023-இல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையும் காசில்லாமல் கிடைக்கும். வாடகை 740-க்கு மேல் குறைந்தால் மட்டும் தள்ளிப் போங்கள்.

மூன்று இரவுக்கு ஹோட்டல் 40,635. அபார்ட்மெண்ட் 31,860, சுத்தம் செய்யும் கட்டணம் வரியோடு 1,000, ஏ.சி. 810 சேர்த்தால் 33,670. இட்லி மிச்சத்தைத் தொடாமலே 6,965 ரூபாய் லாபம். ஏழு பேர் முதல் அபார்ட்மெண்ட், ஆறு பேர் வரை ஹோட்டல். அட்வான்ஸ் அனுப்பும் முன் வரி, மின்சாரம், சுத்தக் கட்டணம் எல்லாம் சேர்த்த ஒரே தொகையையும் பாத்ரூம் எண்ணிக்கையையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.