லத்திகா சரண் காலமும் இன்றும்

1976-இல் லத்திகா சரண் ஐ.பி.எஸ். பணிக்குத் தேர்வானபோது, தமிழகக் காவல்துறைக்குப் பெண்கள் வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. 1973-இல் கருணாநிதி ஆட்சியில் சேர்க்கப்பட்ட முதல் அணியில் ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 காவலர்கள். அவ்வளவுதான். லத்திகாவோடு அதே ஆண்டில் தேர்வான இன்னொருவர் தருமபுரிப் பக்கத்து ஜி. திலகவதி, 'கல்மரம்' நாவலுக்காகச் சாகித்ய அகாடமி விருது பெற்ற எழுத்தாளர்.

அன்று புகார் சொல்ல வரும் பெண், அப்பாவையோ அண்ணனையோ முன்னால் நிறுத்தித்தான் வாய் திறப்பாள். 1992-இல் ஜெயலலிதா ஆட்சியில் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபிறகு அந்தக் கூச்சம் குறையத் தொடங்கியது. பெரிய காரியம் அது. ஆனால் வரதட்சணையும் குடும்பத் தகராறும்தான் பெண் போலீஸுக்கு உரிய வேலை என்ற எண்ணத்தையும் அது கொஞ்சம் வளர்த்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

அந்த எண்ணத்தை உடைத்தவர் லத்திகா. 2006-இல் சென்னை மாநகரக் காவல் ஆணையர்; அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 2010 ஜனவரியில் மாநிலத்தின் டி.ஜி.பி. உத்தராகண்டின் காஞ்சன் சவுத்ரி பட்டாச்சார்யாவுக்குப் பிறகு, இந்தியாவில் ஒரு மாநிலக் காவல்துறைக்குத் தலைமை ஏற்ற இரண்டாவது பெண் அவர். நியமன முறை சரியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே உத்தரவை ரத்து செய்தது. குறை அரசு பின்பற்றிய நடைமுறையில். உரிய பட்டியல் தயாரானதும் அதே ஆண்டில் மறுபடியும் அவரே டி.ஜி.பி. ஆனார்.

உச்சியில் இவ்வளவு நடந்தபோதும், சாலையோரத்தில் நின்ற பெண் காவலருக்கு விடிவு வர இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. முக்கியப் பிரமுகர் வருகிறார் என்றால் பல மணி நேரம் முன்பே வெயிலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நிற்பார்கள். மாதவிலக்கு நாளிலும் அதே டூட்டி, கைக்குழந்தை உள்ளவருக்கும் அதே டூட்டி. பெண் ஆணையரையும் பெண் டி.ஜி.பி.யையும் கண்ட ஊரில் இது இத்தனை காலம் நீடித்ததே என்று மனம் ஆறவில்லை. ஒருவர் உயரத்துக்குப் போனால் அடியில் இருப்பவர்களின் பாடு தானாகச் சரியாகிவிடுவதில்லை.

2021-இல்தான் முதல்வர் செல்லும் வழிகளில் பெண் காவலர்களை நிறுத்தக் கூடாது என்ற உத்தரவு வந்தது. மகளிர் காவலரின் பொன்விழாவையொட்டி, 2023-இல் காலை 7 மணி ரோல் கால், அதாவது வருகை அணிவகுப்பு, அவர்களுக்கு 8 மணி ஆனது. பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் தாய்க்கு அந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்புகிறவர்களுக்குப் பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கும் மாவட்டத்தில் மூன்றாண்டு பணி தரப்படும் என்று 2024-இல் அறிவித்தார்கள்.

ஆனாலும் மாநாடு, தேரோட்டம், தேர்தல் என்றால் இன்றும் பெண்கள் நாள் முழுக்க நிற்கத்தான் வேண்டும். எந்த இடத்தில் எத்தனை பெண் காவலர் என்று எழுதும் பந்தோபஸ்துத் தாளிலேயே, நடமாடும் கழிப்பறை எங்கே நிற்கும், மாற்று டூட்டிக்கு யார், எத்தனை மணிக்கு என்பதையும் எழுதிவிட வேண்டும்.