‘கவனமா பண்ணுங்க’ என்றால் போதுமா? சந்திரயான்-3 சொல்லும் கணக்கு

“ரிஸ்க் இருக்கு, கவனமா பண்ணுங்க” என்று குழுவிடம் சொல்வது எளிது. கவனமாகத்தான் செய்தார்களா என்பதை எப்படி அளப்பது? இஸ்ரோவின் அனுபவத்தில் இதற்குப் பதில் இருக்கிறது.

என்ன நடந்தது?

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியது. இன்ஜின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. இறங்க ஒதுக்கியிருந்த இடமோ வெறும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்.

என்ன மாற்றினார்கள்?

அடுத்த முறை, ‘எதெல்லாம் தவறிப்போகும்?’ என்ற கேள்வியிலிருந்து வடிவமைப்பு தொடங்கியது. இறங்கும் இடம் 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என விரிந்தது. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாங்கும்படி இருந்த கால்கள், 3 மீட்டர் வேகத்துக்கு வலுவாக்கப்பட்டன. எரிபொருளும் கூடியது.

எண் எதற்கு?

“கால் ஸ்ட்ராங்கா இருக்கா?” என்றால் ஆளுக்கொரு பதில் வரும். “3 மீட்டர் வேகத்தைத் தாங்குமா?” என்றால் சோதனைதான் பதில் சொல்லும். விழுப்புரத்துக்காரரான ப.வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23-ல் பத்திரமாகத் தரையிறங்கியது.

நாம் என்ன செய்யலாம்?

“வேலை லேட் ஆகக் கூடாது” என்பது வெறும் ஆசை. “எந்த வேலையும் 2 நாளுக்கு மேல் தள்ளிப்போனால், அதைச் செய்பவர் அன்றே குழுவுக்குச் சொல்ல வேண்டும்” என்பது இலக்கு. எவ்வளவு, யார், எப்போது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. ஒன்று குறைந்தாலும், தவறு நடந்த பிறகுதான் தெரியவரும்.