ஒளியே தராசு

பலசரக்குக் கடையிலே அரிசி நிறுப்பவர், தராசின் ஒரு தட்டிலே படிக்கல்லையும் மற்றத் தட்டிலே அரிசியையும் வைப்பர். கோடி கோடி விண்மீன்கள் செறிந்த ஒரு திரளை எத்தட்டில் வைப்பது? எந்தப் படிக்கல்லால் நிறுப்பது? எமது வகுப்பிலே மாணவனொருவன் எழுப்பிய வினா இது. நாம் தமிழ் கற்பிப்போரேயன்றி விஞ்ஞானத்தில் வல்லோம் அல்லோம். எனினும் வினா நன்றாதலின் விடையைத் தேடினோம். தேடிக் கண்டதை இம்மலரிலே தருகின்றோம்.

ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்பது நாம் இளமையிற் கற்றது. திணிவு மிக்க பொருளின் அருகே செல்லும் ஒளியோ அதன்பால் வளையும். ஞாயிற்றின் விளிம்பை ஒட்டிச் செல்லும் ஒளி 1.75 விகலை வளைதல் வேண்டும் என்று 1915 ஆம் ஆண்டிலே ஐன்ஸ்ரைன் கணித்தார். ஒரு பாகையை 3,600 கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூறே விகலை. 1919 மே 29 இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, ஆபிரிக்காவின் மேற்கிலுள்ள பிறின்சிப்பித் தீவிலே எடிங்ரனும், பிறேசிலின் சொப்ராலிலே மற்றொரு குழுவினரும் எடுத்த படங்கள் அக்கணிப்பை ஆதரித்தன.

வளையும் ஒளி உள்ளவிடத்து வில்லையும் உண்டு. கண்ணாடி வில்லையிலே விளிம்பிற் படும் ஒளியே மிக வளையும். ஈர்ப்பு வில்லையிலோ நடுவை அணுகிச் செல்லும் ஒளியே மிக வளையும். ஆதலின் இவ்வில்லை ஒளியை ஒரு புள்ளியிற் குவிப்பதில்லை. தொலைவிலுள்ள ஒளிப்பொருளும், இடையிலுள்ள திரளும், நாமும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால், அப்பொருள் திரளைச் சுற்றி வளையமாகத் தோன்றும். நேர்கோடு சிறிது பிறழ்ந்தால், வளையம் இரண்டு அல்லது நான்கு உருவங்களாகப் பிரியும். காலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தின் அடித்தட்டினூடே மெழுகுதிரிச் சுடரை நோக்குவோர் இதனையொத்த காட்சியை வீட்டிலேயே காணலாம்.

1936 இல் ஐன்ஸ்ரைன் இதுபற்றிச் சிறு கட்டுரையொன்று வரைந்தார். தனி விண்மீன் வில்லையாவதை நேரிற் காணும் வாய்ப்பு இல்லை என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டிலே சுவிக்கி என்னும் வானியலாளர், விண்மீனை விடுத்துத் திரளை நோக்கினால் காட்சியும் கிட்டும், திணிவையும் அளக்கலாம் என்றார். அவர் கூற்று 1979 இலே பலித்தது. ஆறு விகலை இடைவெளியில் நின்ற இரு குவேசர்கள், உண்மையில் ஒரே குவேசரின் இரு உருவங்கள் என வால்ஷ், காஸ்வெல், வேமன் என்னும் மூவர் கண்டனர்.

இனி, நிறுக்கும் முறையைக் கூறுவாம். வளையத்தின் கோண ஆரை, வில்லையாகும் திரளின் தூரம், பின்னுள்ள ஒளிப்பொருளின் தூரம் ஆகிய மூன்றும் வேண்டும். தூரங்களை நிறமாலையின் செந்நிறப் பெயர்ச்சியால் அறிவர். தூரங்கள் மாறாவிடத்து, ஆரை இருமடங்கானால் திணிவு நான்மடங்காகும். இவ்வாறு கிடைப்பது வளையத்தினுள் அடங்கிய திணிவு முழுவதும். ஒளிர்வதும் ஒளிராததும் அதனுள் அடங்கும்.

இதற்குச் சான்றாக என். ஜி. சி. 6505 என்னும் திரளைக் கொள்வோம். அது 59 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. ஐரோப்பியரின் இயூக்கிளிட் தொலைகாட்டி 2023 இல் எடுத்த படத்திலே, அதனைச் சுற்றி 2.5 விகலை ஆரையுள்ள வளையம் தென்பட்டது. 2025 பெப்ரவரியில் அச்செய்தி வெளியாயிற்று. ஒரு கிலோமீற்றருக்கப்பால் வைத்த நாணயமொன்றின் அளவே அவ்வளையம்! அதன் ஒளியோ 442 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள மற்றொரு திரளினது. கணக்கிட்டால், வளையத்தினுள் பத்தாயிரங் கோடி ஞாயிறுகளுக்கும் மேற்பட்ட திணிவு உண்டு. விண்மீன்களின் ஒளியால் அவற்றின் திணிவை மதித்துக் கழித்தபோது, ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொரு பங்கு எஞ்சியது. அதுவே கண்ணுக்குப் புலனாகாத இருட்பொருள். நடுப்பகுதியில் விண்மீன்கள் செறிந்திருத்தலின் அப்பங்கு சிறிதாயிற்று. புறத்தே செல்லச் செல்ல இருட்பொருளே விஞ்சும். அப்புறப்பகுதியை அளத்தற்கு, பின்னுள்ள பல்லாயிரந் திரள்களின் உருவில் நேரும் மிகச் சிறு திரிபுகளைத் தொகுத்துச் சராசரி காண்பர்.

தனி விண்மீன் வில்லையாதலும் 1993 முதல் காணப்பட்டு வருகின்றது. ஐன்ஸ்ரைனின் கணக்குப் பிழைக்கவில்லை. காணல் அரிது என்ற மதிப்பீடே பிழைத்தது. மாணவர்காள்! பேராசான் ஒருவர் அரிதென்றதனால் சுவிக்கி தேடாது விட்டாரில்லை. ஆசிரியர் சொல்லைப் போற்றுமின். ஆயினும் வினாவைக் கைவிடாதொழிமின்.